தூர்வாரல், தேவைப்படின்: வேலூரில் வரைந்த ஒரு படகுத்துறையின் கோப்பு

பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற ஊர் எங்களுடையது. அந்த வேலூரில், சத்துவாச்சாரியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, மரக்காணம் பக்கத்து உப்பங்கழியில் ஒரு தனியார் படகுத்துறைக்கு நான் படம் வரைந்தேன். அந்தக் கோப்பு பதினான்கு மாதம் நான்கு அலுவலகங்களைச் சுற்றிவிட்டு என் மேசைக்கே திரும்பி வந்தது. போகும்போது துறைக்கு மட்டும் அனுமதி கேட்டிருந்தோம். வந்த பிறகு வீடும் கேள்விக்குறியாகிவிட்டது.

நில அளவை, மனைப்பிரிவு வரைபடம், கட்டட அனுமதிப் படம் என்று இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். பெரும்பாலும் ஏரியோரத்து நிலங்கள்: குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா, காவேரிப்பாக்கம். நீர்நிலைக்குப் பக்கத்தில் எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர்ப்பெயர், சர்வே எண், ஆட்களின் பெயர் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. என் தவற்றை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கேட்டது

அவர் ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் 'அண்ணா' என்பேன், அவருக்கு நான் 'தம்பி'.

"தம்பி, கடலாண்ட ஒரு எடம் வாங்கிப் போட்டுக்கினேன். ஊட்ல எல்லாருக்கும் புடிச்சிப்போச்சி. ஒரு போட்டு கட்ற மாதிரி ஜெட்டி ஒன்னு போட்டா நல்லாருக்கும். நீயே பிளான் போட்டுக் குடு."

"கடலாண்ட" என்றாலும் நிலம் கடலைப் பார்த்து இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கும் ஒரு கிளைச் சாலையில் தொடங்கி உப்பங்கழி ஓடை வரைக்கும் நீளும் 1 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை. சாலையிலிருந்து ஓடைப் பக்கத்து எல்லைக்கல் வரை ஆழம் 120 மீட்டர், அகலம் 47 மீட்டருக்குச் சற்றுக் கூட. வீட்டுக்கு ஊராட்சியில் அனுமதி வாங்கிவிட்டார். சுற்றுச்சுவருக்கு வானம் தோண்டியாகிவிட்டது. பாக்கி இருந்தது துறை. கான்கிரீட் தூண், மேலே பலகை, 24 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், முனையில் நாற்காலி போட்டு உட்கார ஒரு மேடை.

அந்த ஓடை கழுவெளியைச் சேர்ந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு அது. மேற்கே இருக்கிற ஏரிகளின் உபரி நீர் ஒரு பக்கம் வந்து சேரும். இன்னொரு பக்கம் உப்புக்கல்லி ஓடை, இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். சித்திரையில் பெரும்பகுதி வெடித்த சேறு. 5,151 ஹெக்டேருக்கு மேல் பரப்பை 2021 டிசம்பரில் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் கோப்பு இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஓடியது. நிலம் சரணாலய எல்லைக்குள் இல்லை, அதை ஒட்டியும் இல்லை. "அப்புறம் இன்னா பிரச்சினை?" என்று அண்ணா கேட்டதற்கு அன்று என்னிடமும் பதில் இல்லை.

மே மாதத்து அளவு

நான் போனது மே மாதம். வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. எல்லைக்கல்லிலிருந்து 18 மீட்டர் தள்ளித் தண்ணீர். நடுவில் உப்புப் பூத்த சேறு, அதன்மேல் சிவப்பும் பச்சையுமாகத் தரையோடு படர்ந்த ஒரு செடி. தண்ணீரின் ஓரத்தைக் கருவியில் எடுத்து அதையே 'நீர் எல்லை' என்று படத்தில் எழுதினேன். ஓடையின் அகலம் 42 மீட்டர் வந்தது. அரை நாள் வேலை. வரும் வழியில் திண்டிவனத்தில் சாப்பிட்டோம்.

ஏரிக்காரனின் கண் இப்படித்தான் பார்க்கும். ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, உபரி நீர் வழியும் கடைவாசல் உண்டு. கடைவாசலின் மட்டம் தெரிந்தால் ஏரி நிரம்பும்போது தண்ணீர் எதுவரை நிற்கும் என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் மழை பெய்தால் ஏரி கோடி போகுமே தவிர மட்டம் பெரிதாக ஏறாது. கோடைக்காலத்தில் ஏரிக்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தாலும் நீர்ப்பிடிப்பு எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாம். எங்கள் ஊர் ஏரிகளை வெட்டியவர்கள் அந்தக் கோட்டைக் கல்லால் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள்.

கழிக்குக் கடைவாசல் கிடையாது. அதன் கோட்டைக் கடல் போடுகிறது, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை (அலுவலகங்களில் சி.ஆர்.இசட். என்றால்தான் புரியும்) அளவைத் தொடங்கச் சொல்வது உயர் ஓதக் கோட்டிலிருந்து. பெரிய ஓதத்தின்போது, அதாவது கடலேற்றத்தின்போது, தண்ணீர் நிலத்தில் எதுவரை ஏறுகிறதோ அந்தக் கோடு. என்னைப் போன்ற சர்வேயர் அதை அளந்து எழுத முடியாது. ஒன்றிய அரசு அங்கீகரித்த நிறுவனங்கள்தான் குறிக்க வேண்டும். சென்னையிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. இது தெரியாமலா இருந்தேன் என்றால், தெரியும். 'இந்த ஓடைக்கு எதற்கு அதெல்லாம்' என்று விட்டுவிட்டேன்.

அங்கே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "அளக்கறதுக்கு இதுவா தம்பி நாளு?" என்றார். எல்லைக்கல்லுக்கு உள்பக்கமாக அண்ணாவின் நிலத்திலேயே ஒரு இடத்தைக் காலால் தேய்த்துக் காட்டினார். "அமாவாசைத் தண்ணி இங்க வந்து நக்கும். உமிரி எதுவரைக்கும் மொளைச்சிருக்குதோ அதுவரைக்கும் கழிதான்."

தரையில் படர்ந்திருந்த செடி அதுதான், உமிரி. உப்பு மண்ணில்தான் வளரும். 'களை' என்று ஒரு ஜே.சி.பி. வைத்து வழித்துவிடலாமா என்று அண்ணா அன்று காலையில்தான் கேட்டிருந்தார். நல்லவேளை, வண்டி கிடைக்கவில்லை. உவர்ச் சதுப்பு என்பது சி.ஆர்.இசட். பட்டியலில் முதல் வகைக்குள், அதிலும் 'அ' பிரிவுக்குள் வருவது. அலையாத்திக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் மணல் இவற்றோடு ஒரே வரிசையில் எழுதப்பட்டிருப்பது. வழித்திருந்தால் அது தனி வழக்காகியிருக்கும்.

96 மீட்டரும் 11 மீட்டரும்

ஓதம் ஏறும் ஓடை, கழி, ஆறு இவற்றின் கரையில் கட்டக்கூடாத பகுதி எவ்வளவு என்பதற்கு 2011 அறிவிக்கை சொல்லும் கணக்கு: 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கை 100-ஐ 50 ஆக்கியது. ஆனால் ஒரு மாநிலத்தின் கடலோர வரைபடம் புதிய அறிவிக்கையின்படி ஒப்புதல் பெறும்வரை அங்கே பழையதுதான் செல்லும். எங்கள் கோப்பைப் பார்த்தவர்கள் 2011-ஐத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

இந்த 100-க்கும் 50-க்கும் ஒரு பழைய கதை உண்டு. 1991-ல் வந்த முதல் அறிவிக்கையில் 100. 1994-ல் ஒரு திருத்தத்தில் அதை 50 ஆக்கினார்கள். 1996 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்புக்குக் காரணம் காட்டவில்லை என்று ரத்து செய்தது. 2019-ல் 50 திரும்பி வந்துவிட்டது. ஒரே எண்ணைக் கால் நூற்றாண்டு முன்னும் பின்னும் இழுத்திருக்கிறார்கள்.

என் மே மாதத்துப் படத்தை வைத்து அண்ணாவின் மகன் ஒரு கணக்குப் போட்டார். பையன் சென்னையில் பி.இ. படித்தவர், கணக்கில் தப்பு இல்லை. ஓடையின் அகலம் 42, அது 100-ஐவிடக் குறைவு, ஆகவே 42 மீட்டர்தான் தடை. தண்ணீரோ எல்லைக்கல்லுக்கு வெளியே 18 மீட்டர் தள்ளி. 42-ல் 18 போக நிலத்துக்குள் 24 மீட்டர்தான் விட வேண்டும். பாக்கி 96 மீட்டர் ஆழத்துக்கு வீடு, தோட்டம், எல்லாம்.

பிறகு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் வரைபடம் வந்தது. உயர் ஓதக் கோடு எல்லைக்கல்லுக்கு உள்ளே 9 மீட்டர் வந்திருந்தது. பெரியவர் காலால் தேய்த்த இடத்துக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. இந்தக் கரையின் உயர் ஓதக் கோட்டிலிருந்து எதிர்க்கரையின் உயர் ஓதக் கோடு வரை ஓடையின் அகலம் 100 மீட்டரைத் தாண்டியது. ஆகவே தடை 100. கோடு நிற்கும் 9-ஐயும் சேர்த்தால் 109. நிலத்தின் ஆழம் 120. சாலையோரத்தில் மிஞ்சியது 11 மீட்டர்.

மே மாதம் அவருக்கு இரண்டு விதத்தில் சாதகம் செய்திருந்தது. தண்ணீரைத் தள்ளியும் காட்டியது, ஓடையைக் குறுக்கியும் காட்டியது. கோடையில் நிலம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் இந்த இரட்டைச் சலுகையோடுதான் முன்பணம் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நிலம் விற்கிறவர்கள் கார்த்திகையில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி நான் பார்த்ததில்லை.

எதிர்த் தண்ணீர் யாருடையது

நிலம் என்னுடையது என்றால் அதற்கு நேரே இருக்கிற தண்ணீரும் என்னுடையது மாதிரிதானே என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அண்ணாவுக்கும் இருந்தது. ஏரியோரத்தில் யாரும் இப்படி நினைப்பதில்லை. நீர்நிலைப் புறம்போக்கு என்ற வார்த்தையே இங்கே ஆளைப் பயமுறுத்திவிடும், 2007-ன் ஏரிப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இன்னும் அதிகமாக. கடலோரம் போனதும் அந்தப் பயம் எங்கேயோ கழன்று விழுந்துவிடுகிறது. ஓட்டல் விளம்பரங்களில் பார்த்த மரப்பாலங்கள் காரணமாக இருக்கலாம்.

வருவாய்த்துறையின் நிலப்பதிவேடான அ-பதிவேட்டைப் பார்த்தால் விஷயம் ஒரு வரியில் முடிந்திருக்கும். பட்டா எல்லைக்கல்லோடு நிற்கிறது. அடுத்த சர்வே எண் அரசுப் புறம்போக்கு. துறையின் 24 மீட்டரும் அந்தப் புறம்போக்கில்தான் நிற்கும். 1905-ம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, கடலின் தரையும், துறைமுகங்களிலும் கழிகளிலும் உயர் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள தரையும், ஆறு, ஏரி, குளத்தின் தரையும் அரசின் சொத்து என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றும் நடப்பில் இருக்கிறது. படகுத்துறைக்கான விண்ணப்பம் என்று நாங்கள் கொடுத்தது உண்மையில் அரசு நிலத்தில் தனியார் கட்டுமானத்துக்கான விண்ணப்பம். தலைப்பை அப்படி எழுதியிருந்தால் முதல் மேசையிலேயே நின்றிருக்கும்.

அண்ணாவின் வக்கீல் ஒரு சீட்டை வைத்திருந்தார். 2017-ன் ஈரநில விதிகள், ஈரநிலத்தின் உயர் வெள்ளமட்டச் சராசரியிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கின்றன. 'படகுத்துறை நீங்கலாக' என்று ஒரு விலக்கும் தருகின்றன. "சட்டமே ஜெட்டிக்கு ஓகே சொல்லுதுங்க" என்றார் வக்கீல். விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த விதிகள், வனச் சட்டங்களும் வன உயிரினச் சட்டமும் சி.ஆர்.இசட். அறிவிக்கையும் ஆளும் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று அவற்றிலேயே இருக்கிறது. கழி சி.ஆர்.இசட்.டுக்குள். சரி, நம் ஊர் ஏரிக்காவது பொருந்துமா என்றால், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளும் அந்த விதிகளில் ஈரநிலம் என்ற கணக்கில் வருவதில்லை. ஆக வக்கீலின் விலக்கு மரக்காணத்துக்கும் ஆகவில்லை, காவேரிப்பாக்கத்துக்கும் ஆகவில்லை.

தூர்

கோப்பில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

24 மீட்டர்த் துறை கட்டினால் அதன் முனையில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? நான் போன அன்று, இறக்கத்தில், முழங்கால் அளவு. அண்ணா வாங்க நினைத்தது எட்டுப் பேர் உட்காரும் ஃபைபர் படகு, பின்னால் மோட்டார். மோட்டாரின் விசிறி சேற்றில் குத்தாமல் ஓட முழங்கால் தண்ணீர் போதாது. ஆழமான நீரோட்டம் இன்னும் தள்ளித்தான். அதுவரை ஒரு கால்வாய் வெட்டினால்தான் துறைக்கு அர்த்தம். இல்லையென்றால் அது பலகை போட்ட திண்ணை. இதை நான் உணர்ந்திருந்தேன். அதனால்தான் படத்தில் துறையின் முனையிலிருந்து நீரோட்டம் வரை ஒரு புள்ளிக் கோடு போட்டு, பக்கத்தில் எழுதினேன்: 'தூர்வாரல், தேவைப்படின்.'

இருபத்திரண்டு வருடத்தில் இந்த இரண்டு வார்த்தை அளவுக்குக் குறிப்புகளை எத்தனை படத்தில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எங்கள் பக்கம் தூர்வாருவது புண்ணிய காரியம். வண்டலை அள்ளினால் ஏரிக்குக் கொள்ளளவு, வயலுக்கு உரம். குடிமராமத்து என்றாலே ஊர் கூடிச் செய்வது. தூர்வாரவில்லை என்றுதான் மனுக் கொடுப்பார்கள், தூர்வாரினார்கள் என்று யாரும் மனுக் கொடுத்ததில்லை. அந்த வார்த்தையின் நல்ல பேரை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கழியின் படத்தில் வைத்துவிட்டேன். படத்தைப் பார்த்த ஒருவருக்கும் அது இடறவில்லை. அவர்களும் ஏரி பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

கழியில் சேறு என்பது அடைப்பு அல்ல. அந்த ஆழமின்மையில்தான் கழியின் பிழைப்பே இருக்கிறது. மேற்கேயிருந்து வரும் நல்ல தண்ணீரும் கிழக்கேயிருந்து ஏறும் உப்புத் தண்ணீரும் மெதுவாகக் கலப்பதற்கு அந்தச் சேற்றுத் திட்டுகள்தான் தடை போட்டு இடம் கொடுக்கின்றன. குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினால் ஓதம் அதன் வழியே வேகமாக உள்ளே வரும், இறக்கத்தில் நல்ல தண்ணீர் அதன் வழியே வேகமாக வெளியே போகும். உப்பு இதுவரை தொடாத இடத்தைத் தொடும், பக்கத்துக் கிணறுகள் உட்பட. இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது இந்த ஆழமில்லாத ஓரத்தில். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் நீண்டகால் பறவைகள் நின்று மேய்வதும் இங்கேதான்; கணுக்கால் அளவு தண்ணீருக்கு மேல் போனால் அவற்றில் பலவற்றுக்கு வேலை இல்லை. வெட்டிய கால்வாய் ஒரு மழையில் தூர்ந்துவிடும், மறுவருடம் திரும்ப வெட்ட வேண்டும். அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது? கரையில், உமிரி மேல்.

மனிதர்களும் அந்த ஓரத்தில்தான் நடக்கிறார்கள். வடதமிழகக் கழிகளில் இருளர்கள் வாயில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். வேலூர் மாவட்டத்து இருளரை ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் எலியும் பாம்பும் பிடிக்கிறவர்களாகத்தான் நாங்கள் அறிவோம். கடலோரத்தில் அவர்களுடைய சொந்தங்களின் கை வேறு தொழில் கற்றிருக்கிறது. குறுக்கே ஒரு தூண் வரிசையும் ஆளுயரக் கால்வாயும் வந்தால், ஓரமாகவே தடவிக்கொண்டு போகிறவர் அங்கே கரையேறிச் சுற்றிப் போக வேண்டும். கரையில் அண்ணாவின் சுற்றுச்சுவர்.

துறை என்றால் 24 மீட்டர்ப் பலகை என்றுதான் கோப்பு முழுக்கப் பேசப்பட்டது. உண்மையான திட்டம் அந்தப் புள்ளிக் கோடு.

எந்த மேசை

ஊராட்சி வீட்டை மட்டும் பார்த்தது. துறைக்கு 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு தீர்மானமும் தந்தது. மீனவர்களும் படகு கட்டிக்கொள்ளலாம் என்று அண்ணா வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். நகர் ஊரமைப்பு அலுவலகம் நிலப்பயன்பாட்டைப் பார்த்தது. தண்ணீர் தன் வரம்பு இல்லை, சி.ஆர்.இசட். அனுமதி கொண்டுவாருங்கள் என்றது. வனத்துறை சரணாலய எல்லையிலிருந்து தூரத்தைக் குறித்துக் கொடுத்தது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோரக் குழுவுக்குக் கோப்பு போனபோது அதில் மூன்று மேசைகளின் தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைக் காட்டி 'ஏற்கெனவே' என்று தொடங்கியது.

யாரையும் குறை சொல்லவில்லை, அவரவர் தன் வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் வீடு, சுவர், துறை, கால்வாய் நான்கும் ஒரே தாளில் ஒரே ஆளின் கண்முன் வந்த நாள் என்று ஒன்று இந்தப் பதினான்கு மாதத்தில் கிடையாது. துண்டு துண்டாகக் கேட்பது தந்திரம் என்றுகூடச் சொல்ல முடியாது. படிவங்களே அப்படித்தான் இருக்கின்றன.

இங்கே வேலூர்க்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் சொன்ன தோல் பதனிடும் ஆலைகள் வழக்கின் தீர்ப்பு எங்கள் ஊர்ப் பெயரில்தான் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. வழக்குப் போட்டது வேலூர்க் குடிமக்களின் ஓர் அமைப்பு. தோல் ஆலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதைத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. முன்னெச்சரிக்கை என்பதும், கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியானது. கூடவே ஒன்று: தான் செய்யப்போவது சுற்றுச்சூழலைக் கெடுக்காது என்று நிரூபிக்கும் பொறுப்பு செய்கிறவனுடையது. அதே வருடம் டிசம்பர் 11-ல் அதே நீதிபதி, கடலோர இறால் பண்ணைகள் வழக்கில், பாலாற்றங்கரையில் பிறந்த அந்த விதியைக் கழிகளுக்குக் கொண்டுபோனார்.

தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் அந்த ஆகஸ்ட் தீர்ப்பு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அண்ணாவின் அப்பா அப்போது தோல் ஷாப்பு வைத்திருந்தார். "அப்பா கட்டின ரசீது இன்னும் பீரோவுல கீது" என்று அண்ணா ஒருமுறை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பாலாற்றுக்கு ஆனது என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குடிக்கிற தண்ணீரை அவர் வீட்டிலும் கேனில்தான் வாங்குகிறார்கள். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசைப் பற்றித் திரும்பவும் கடுமையாக எழுதியபோது எனக்கு அந்தச் செய்தியை அனுப்பியவர் அவர்தான்.

நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்றால், எங்களிடம் கேட்டிருக்க வேண்டியது இதுதான்: இந்தக் கால்வாயால் உப்பு எவ்வளவு தூரம் ஏறும், காட்டு. யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்தது

கோப்பு இரண்டு காரணங்களோடு வந்தது. உயர் ஓதக் கோட்டுக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் வரைபடம் இணைக்கப்படவில்லை. துறை அமையும் அரசு நிலத்துக்கு வருவாய்த்துறையின் இசைவு இல்லை. 'குறைகளைச் சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்கலாம்.' அலுவலக மொழியில் இதற்கும் 'மறுக்கப்பட்டது' என்பதற்கும் தூரம் அதிகம். துறை கட்டப்படவில்லை என்பதால் முடிவு நல்ல முடிவுதான். ஆனால் தாள் குறைந்ததால் நின்ற திட்டம், தாள் சேர்ந்தால் நடக்கும் திட்டம் என்றுதானே பொருள்? தூர்வாரலைக் காரணம் காட்டி மறுத்திருந்தால், அடுத்த ஆள் அதே ஓடையில் அதே புள்ளிக் கோட்டைப் போடும்போது எதிரே வைக்க ஒரு முன்னுதாரணம் இருந்திருக்கும்.

அண்ணா விடவில்லை, முதல் குறையைச் சரிசெய்யப் பணம் கட்டி வரைபடம் வாங்கினார். அந்த வரைபடம்தான் 11 மீட்டர்க் கணக்கைக் கொண்டுவந்தது. வீட்டின் தூண்களுக்குக் குறியிட்ட இடம் முழுக்கக் கட்டக்கூடாத பகுதிக்குள். ஊராட்சி தந்த வீட்டு அனுமதி இந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்காது என்று வக்கீலே சொல்லிவிட்டார். 2020 ஜனவரியில் கொச்சிப் பக்கம் மரடு அடுக்குமாடிகள் தூள் தூளாகிச் சரிந்ததை டிவியில் பார்த்தவர் அண்ணா. அதே மாதம் வேம்பநாட்டுக் காயல் தீவு ஒன்றில் 54 வில்லாக்கள் கொண்ட விடுதியையும் இடிக்கத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவை இடிபட்டதும் கரையோரத்துக் கோட்டினால்தான். சுற்றுச்சுவர் வானத்தை மூடச் சொல்லிவிட்டார்.

நான் வாங்கிய வரைபடக் கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

மழைக்காலம் முடிந்து டிசம்பரில் இருவருமாக ஒருமுறை போனோம், நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்று பார்க்க. எல்லைக்கல் தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் உயர் ஓதக் கோட்டையும் தாண்டி வந்திருந்தது. மழைவெள்ளம் ஓதக் கணக்கில் சேராது, அது வேறு கோடு, அதைக் கேட்கிற படிவம் இன்னும் என் கைக்கு வரவில்லை. பழைய படத்தை விரித்துப் பென்சிலால் அன்றைய தண்ணீரைக் குறித்தேன். சமையலறை வழியாகப் போனது.

உள்ளூர்க்காரர் ஒருவரின் வத்தையில் ஓடையில் கொஞ்ச தூரம் போனோம். வளைவு தாண்டியதும் ஒரு வீட்டின் பின்னாலிருந்து சவுக்குக் கம்பு நட்டுப் பலகை போட்ட துறை. அதற்கடுத்து கான்கிரீட்டில் ஒன்று, முனையில் நீலக்குடை. அண்ணா திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவங்கல்லாம் யாராண்ட கேட்டாங்க தம்பி?"

"கேக்கலண்ணா."

"நானும் கேக்காம ரெண்டு கம்ப நட்டிருந்தா?"

வத்தைக்காரர் கோலை ஊன்றித் தள்ளினார். அன்று போய்த் திரும்பிய தூரத்துக்குள் நான் எண்ணியவை நான்கு. வேலூர் திரும்பியதும் ஊராட்சியில் தெரிந்தவரிடம் விசாரித்தேன். நான்கில் எதற்கும் கோப்பு எண் இல்லை.